சாயம் போனால் தகரமும் போகும்

நம் வீட்டு வண்டி



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணத்திற்காக நிபோங் திபாலுக்குப் போயிருந்தேன். 'நிபோங்' என்பது ஒரு வகைப் பனை. 'தெபால்' என்றால் மலாயில் தடிப்பு என்று பொருள். பனையின் பெயரைத் தாங்கிய அந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கரும்பு விளைந்தது, பிறகு ரப்பர் வந்தது. இன்று போகும் வழியெல்லாம் செம்பனை.

உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். காலை ஆறரை மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய கைலித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே கறுப்பு நிறத்தில் ஒரு சிறிய கார் நின்றது. கூரையில் தொடங்கி, பானட், கதவுகள், பின்பெட்டி என்று ஓர் இடம் விடாமல் துடைத்தார். தண்ணீர் இல்லை, வெறும் துணிதான். துடைத்து முடிக்கவும் மகள் வேலை உடுப்பில் வெளியே வந்தாள். பத்து காவானில் தொழிற்சாலை வேலை. "வர்றேம்பா" என்று சொல்லிக் கார் கதவைத் திறந்தவளைச் சற்று நிறுத்திவிட்டு, பெரியவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க காடியப் பத்தி எழுதுறவராமே! இதக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு வருசமா ஒரு நாள் தவறாமத் தொடைக்கிறேன். எதிர்வீட்டுக்காரன் மாசத்துக்கு ஒரு தடவதான் கழுவுறான். அவன் காடி மின்னுது. எங்காடி மட்டும் ஏன் இப்படி மங்கிப் போச்சு?"

வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. பானட்டின் மேல் சாய்ந்து பார்த்தேன். சிலந்தி வலையைப் போல வட்டம் வட்டமாக ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள்! அவர் செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குலை வெட்டியவர். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மகள் மழையில் மோட்டார் சைக்கிளில் போக வேண்டாமே என்று வாங்கிய பழைய கார் அது. "அண்ணே, நீங்கள் துடைத்ததால்தான் இப்படி ஆனது" என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவருக்குச் சொன்னதையே இம்மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில் நம்மவர் வீடுகளில் பத்தில் பல கார்கள் இப்படித்தான் கெடுகின்றன. கவனிக்காததால் அல்ல, தவறாகக் கவனிப்பதால்!

அன்றைய சாயம் வேறு, இன்றைய சாயம் வேறு

பெரியவர் சிறுவனாக இருந்தபோது, 1970-களின் தொடக்கத்தில், தோட்டத்து மேனேஜர் பங்களாவில் கார் துடைத்தவராம். பங்களா டிரைவர்தான் அவருக்கு இந்த வேலையைப் பழக்கியவர். "பாலிஷ் போட்டுத் தேச்சா துணியில சாயம் ஒட்டும் தம்பி. சாயம் ஒட்டினாத்தான் சரியாத் தேச்சிருக்கோம்னு அர்த்தம்" என்றார்.

அந்தக் காலத்திற்கு அது உண்மைதான். அன்றைய கார்களில் மேலிருந்து அடிவரை நிறம் கலந்த ஒரே சாயம். வெயிலில் மேல்பகுதி வெளுத்தால், அதைத் தேய்த்து எடுத்துவிட்டு அடியில் இருந்த நல்ல நிறத்தை வெளியே கொண்டு வந்தார்கள்.

இன்றைய கார் அப்படியல்ல. தொழிற்சாலையில் காரின் வெறும் தகரக்கூட்டை அப்படியே ஒரு பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, துருவைத் தடுக்கும் முதல் சாயத்தை ஒட்ட வைக்கிறார்கள். அதற்கு மேல் பிரைமர். அதற்கு மேல் நிறச்சாயம். கடைசியாக, கண்ணாடி போல நிறமே இல்லாத ஒரு மேல்பூச்சு. நாம் பார்க்கும் மினுமினுப்பு நிறச்சாயத்தினுடையது அன்று, இந்த மேல்பூச்சினுடையது.

இந்த நான்கு அடுக்கும் சேர்ந்து எவ்வளவு தடிப்பு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். ஆக, இரண்டு முடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவுதான் காரின் முழுச் சாயமும்! அதிலே மேல்பூச்சு மட்டும் 40, 50 மைக்ரான். அதாவது ஒரு முடிக்கும் குறைவு.

இந்த மேல்பூச்சு தேய்ந்து போனால் திரும்பி வராது. அது போன இடத்தில் நிறச்சாயம் வெயிலில் வெளுத்து, வெள்ளை வெள்ளையாக உரியும். சாலையில் கூரை உரிந்த கார்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் கதை இதுதான்.

நம் ஊர்ப் பகைவர்கள்

முதல் பகைவன் தூசி. தோட்டத்து மண்சாலையில் ஒரு லோரி போனால் எழும்புகிறதே, அந்தத் தூசியில் பொடி மணல் கலந்திருக்கிறது. மணல், சாயத்தைவிடக் கடினமானது. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். துணி எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் பயனில்லை. கீறுவது துணியல்ல, துணிக்கும் சாயத்துக்கும் நடுவே உருளும் மணல்.

இரண்டாவது, வெயில். அதைத் தடுக்க முடியாது, நிழல் தேடலாம். ஆனால் நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தினால் வேறு தொல்லை. மாமரத்துப் பிசினும் பறவை எச்சமும் விழும். எச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. அதோடு, வெயிலில் சூடேறிய சாயம் இளகி, எச்சத்தைச் சுற்றி மீண்டும் இறுகுகிறது. எச்சத்தை எடுத்த பிறகும் தழும்பு நிற்பது இதனால்தான். காலையில் விழுந்ததை மாலைவரை விடாதீர்கள். அதைச் சுரண்டவும் வேண்டாம். ஈரமான காகிதத் துண்டை அதன்மேல் ஐந்து பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறிவிடும். பிறகு மெல்ல வழித்து எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மூன்றாவது, செம்பனை எண்ணெய் ஆலையின் கரி. ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரையும் ஓட்டையும் எரிக்கிறார்கள். காற்று நம் பக்கம் அடிக்கும்போது கரித்தூள் வந்து விழும். வெளியே துணி காயப் போடும் தாய்மார்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை! அந்தச் சாம்பலில் காரத்தன்மை உண்டு. பனித்துளி பட்டு ஊறினால் கறை பிடிக்கும். இதையும் துடைக்கக் கூடாது, தண்ணீரால் அடித்துக் கழுவ வேண்டும்.

இன்னும் பால் வெட்டும் இடங்களில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் பால் சிந்திக் காய்ந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, விரலால் உருட்டி எடுங்கள். பாலை உறைய வைக்கும் திராவகம் சிந்தினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

மழை பெய்தால் கார் சுத்தமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மழைநீர் காயும்போது அதிலிருந்த அழுக்கைச் சாயத்தின் மேலேயே விட்டுச் செல்கிறது. சாலைச் சேறு வேறு அடியில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே மழைக்குப் பிறகும் கழுவத்தான் வேண்டும்.

இரண்டு வாளிப் பாடம்

கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரியவரும் அவர் மகளும் நானும் சேர்ந்து அந்தக் காரைக் கழுவினோம். செய்முறையைச் சொல்கிறேன், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. வெயிலில் கழுவக் கூடாது. காலை பத்து மணிக்குள் அல்லது மாலையில், தகரம் ஆறிய பிறகு கழுவுங்கள். சூடான தகரத்தில் சோப்பு காய்ந்து கறையாகிவிடும்.

2. முதலில் வெறும் தண்ணீர். கைபடாமல், மேலிருந்து கீழாக ஊற்றி மணலை இறக்குங்கள். குழாய் இல்லாவிட்டால் வாளியும் குவளையும் போதும். வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது.

3. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். ஸ்பாஞ்சை ஷாம்பு நீரில் நனைத்து ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் நீரில் அலசி மணலை விட்டுவிட்டுத்தான் மறுபடியும் ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். ஒரே வாளியில் கழுவினால், எடுத்த மணலையே திரும்பவும் காரில் பூசுகிறோம்.

4. கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி என்று இறங்கி வாருங்கள். கதவின் அடிப்பாகமும் சக்கரமும் கடைசியில்தான். அவற்றுக்கு வேறு துணி. கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடியும் காரில் வைக்காதீர்கள்.

5. அலசிய பின், சுத்தமான மைக்ரோஃபைபர் துணியையோ மெல்லிய துவாலையையோ விரித்து ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

துணி துவைக்கும் தூள் கூடவே கூடாது, அதன் காரம் சாயத்திற்கு ஆகாது. பாத்திரம் கழுவும் சோப்பு, முன்பு போட்டிருந்த மெழுகைக் கழற்றிவிடும். தேங்காய் எண்ணெய் பூசினால் இரண்டு நாள் பளபளக்கும், பிறகு தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். பற்பசை கீறலைப் போக்கும் என்பார்கள். பற்பசை தேய்க்கும் பொருள், அதுவும் மேல்பூச்சைக் கொஞ்சம் அரித்து எடுக்கத்தான் செய்யும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம். டாங்கியின் சாயமும் இதே இனம்தான்.

பெரியவர் பார்க்காத இடம்

கழுவிக்கொண்டே வந்தபோது, பின்சக்கரத்துக்கு மேல் வளைவின் ஓரத்தில் சாயம் சிறு கொப்புளமாக எழும்பியிருப்பதைக் கண்டேன். 20 காசு நாணயம் அளவு. விரலால் அழுத்தியதும் உடைந்தது, உள்ளே பழுப்புத் துரு! வளைவின் உட்புறம் கையை விட்டால், இரண்டு வருடத்துச் சேறு கெட்டியாக அப்பிக்கிடந்தது.

பெரியவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "மேலதானே தம்பி தொடைச்சேன்... கீழ பாக்கவே இல்லையே" என்றார்.

வாசகர்களே, சாயம் வெறும் அழகுக்காக அடிக்கப்பட்டதல்ல. தகரத்திற்கும் ஈரத்திற்கும் நடுவே நிற்கும் சுவர் அது. இரும்பு, காற்று, நீர் மூன்றும் சந்தித்தால் துரு பிறக்கும். உப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாக வளரும். கடலோரப் பகுதியில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கல் பட்டு மிளகளவு சாயம் பெயர்ந்தாலும் போதும். துரு அந்த இடத்தோடு நிற்காது. நல்ல சாயத்தின் அடியிலேயே ஊர்ந்து போகும். நமக்குத் தெரியும்போது தகரம் பாதி தின்னப்பட்டிருக்கும். மங்கிய சாயத்தோடு கார் பத்து வருடம் ஓடும். துரு தின்ற காரோ ஓடவும் ஆகாது, விற்கவும் ஆகாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

ஆகவே மாதம் ஒருமுறையாவது சக்கர வளைவின் உட்புறத்தில் தண்ணீர் அடித்துச் சேற்றை இறக்குங்கள். கதவுகளின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக விட்ட வழி அது. சேறு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிக் கதவை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும். ஒரு தென்னங்குச்சியால் அந்தத் துளைகளைத் திறந்து விடுங்கள்.

சிறு பெயர்ப்பு என்றால் வீட்டிலேயே சரி செய்யலாம். இடத்தைக் கழுவி நன்றாகக் காய வையுங்கள். துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் பளிச்சென்ற தகரம் தெரியும் வரை தேய்த்து எடுங்கள். துருவின் மேலேயே சாயம் வைப்பது, சீழை வைத்துக்கொண்டு புண்ணைக் கட்டுவது போன்றது. பிறகு பிரைமர், அது காய்ந்ததும் சிறு புட்டியில் விற்கும் நிறச்சாயம், கடைசியில் மேல்பூச்சு. நிறத்தின் எண், கதவுத் தூணிலோ பானட்டின் அடியிலோ உள்ள தகட்டில் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். கடையில் அதைச் சொன்னால் அதே நிறம் கிடைக்கும். பெரியவரின் காருக்கு இதைத்தான் செய்தோம். துரு தகரத்தைத் துளைத்துவிட்டிருந்தால், பட்டறைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

பனைமரம் தரும் மெழுகு

கழுவிக் காய்ந்த காருக்கு மெழுகு இடுவது நல்லது. கடைகளில் கிடைக்கும் நல்ல கார் மெழுகுகள் பலவற்றில் 'கார்னௌபா' என்ற பொருள் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனைமரத்திலிருந்து! கடும் வெயிலில் தன் ஈரம் வற்றிவிடாமலிருக்க, அந்தப் பனை தன் ஓலையின் மேல் மெழுகைச் சுரந்து மூடிக்கொள்கிறது. அங்குள்ள தொழிலாளர்கள் ஓலையை வெட்டி, காய வைத்து, மெழுகைத் தட்டி எடுக்கிறார்கள். 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான் அது உருகும். ஓலையைக் காத்த மெழுகு நம் காரையும் காக்கிறது. செம்பனைக்கு நடுவே வாழும் நமக்கு, உலகின் மறுகோடியில் இன்னொரு பனையை நம்பிப் பிழைக்கும் தொழிலாளி அந்நியனல்ல.

மெழுகைச் சிறிதளவு எடுத்து மெல்லிசாகப் பூசி, வெளுத்துக் காய்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். நம் வெயிலில் அது இரண்டு மாதம் தாங்கினால் பெரிது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது, பரவிப் படர்ந்தால் மறுபடி இட வேண்டும். ஒரு டப்பா ஒரு வருடத்திற்கு வரும்.

மெழுகு வேறு, தேய்க்கும் பாலிஷ் வேறு. மெழுகு மேலே ஒரு படலம் சேர்க்கும். 'கம்பவுண்ட்' எனும் பாலிஷ் மேல்பூச்சைச் சீவி எடுக்கும். பெரியவரின் கார்க் கீறல்களை ஒருமுறை பாலிஷ் போட்டு ஓரளவு மறைக்கலாம். அடிக்கடி போட்டால் மேல்பூச்சே மிஞ்சாது.

ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்ட வேண்டுமா?

மகள் ஒரு விஷயம் சொன்னாள். கார் மங்கியதைப் பார்த்து ஒரு கடையில் விசாரித்தபோது, 1,800 வெள்ளிக்கு 'செராமிக்' பூச்சுப் போட்டால் ஐந்து வருடத்திற்குக் கழுவவே வேண்டாம் என்றார்களாம். முன்பணம் கட்ட இருந்தவள், அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டாள். நல்ல வேளை!

நம் நாட்டில் 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. ஒரு மாதம் முழுக்க உழைத்ததைவிட அதிகமான தொகை அது. அந்தப் பூச்சு பொய்யான பொருள் என்று நான் சொல்லவில்லை. சாயத்தின் மேல் கண்ணாடி போல இறுகி, மெழுகைவிட நீண்ட நாள் நிற்கும், அழுக்கு எளிதில் கழலும். ஆனால் அது முடியைவிட மிக மெல்லிய படலம். கல் பட்டால் தடுக்காது. உலர்துணியால் தேய்த்தால் அதுவும் கீறும். கழுவவே வேண்டாம் என்பது விற்பவர் பேச்சு. அடியில் துரு இருக்கும் பழைய காருக்கு மேலே செராமிக் போடுவது, ஒழுகும் கூரையின் கீழே புதுப் பாய் விரிப்பது போலாகும். முதலில் துருவைக் கவனியுங்கள், மிஞ்சிய பணத்திற்கு வீட்டில் ஆயிரம் செலவு காத்திருக்கிறது.

கார் முழுவதற்கும் மறுசாயம் அடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நிறத்தை மாற்றினால் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. புதுச் சாயம் மின்னுகிறதே என்று மயங்காதீர்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகடாக இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் பிடிக்கவில்லையென்றால், துருவை அள்ளிவிட்டுப் புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பாசத்திற்கும் முறை வேண்டும்

சென்ற வாரம் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், அப்பா இப்பல்லாம் காலையில காடியத் தொடறதே இல்ல. தூசி கெடந்தா கெடந்துட்டுப் போகட்டும், ஞாயித்துக்கிழம பாத்துக்கலாங்கிறாரு. ஆனா ஒண்ணு, அன்னிக்கு ரெண்டு வாளியையும் தூக்கிட்டு வந்து என்னையும் விடமாட்டேங்கிறாரு!"

"நல்லதுதானேம்மா" என்றேன்.

"நல்லதுதான் அங்கிள். துரு எடுத்த எடத்த வாராவாரம் குனிஞ்சி பாக்குறாரு. இதுவரைக்கும் திரும்ப வரல."

பெரியவரின் பாசத்தில் ஒரு நாளும் குறையிருந்ததில்லை. முறைதான் தெரியாமலிருந்தது. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரையும் இந்த வாரம் ஒருமுறை குனிந்து, சக்கரத்தின் உட்புறம் வரை பாருங்கள். நாளைக் காலையில் உலர்ந்த துணியோடு யாராவது காரை நெருங்கினால், "அப்பா, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, கையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.